கார்ட்டூன் படத்தில் கதை நிற்குமா, ஜோக் நிற்குமா? கணினி அனிமேஷன் குடும்பப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப் கலாச்சார நகைச்சுவை என்று எதைச் சொல்கிறோம்?

படத்துக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தால்தான் சிரிப்பு வரும் என்றால், அதுதான். இன்னொரு படத்தின் வசனமாக இருக்கலாம், ஒரு நடிகரின் நடையாக இருக்கலாம், அந்த வருஷம் எல்லோரும் முணுமுணுத்த பாட்டாகவோ ஒரு செல்போன் செயலியாகவோ இருக்கலாம். 2004இல் வந்த ‘ஷார்க் டேல்’ படத்தில் கடலுக்கடியில் ஒரு பெருநகரம் வரும். அங்கே ‘கோரல் கோலா’ என்று ஒரு விளம்பரப் பலகை. எந்தக் குளிர்பானத்தைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரிந்தவர் லேசாகச் சிரிப்பார். தெரியாதவருக்கு அது வெறும் பலகை.

கதைக்குள்ளேயே பிறக்கிற சிரிப்பு வேறு ரகம். அதற்கு முந்தைய வருஷம் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கடல்தான், அதிலும் மீன்கள்தான். அப்பா மார்லின் ஒரு கோமாளி மீன். அதனாலேயே பள்ளிக்கூட வாசலில் மற்ற பெற்றோர்கள் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள்: “ஒரு ஜோக் சொல்லுங்களேன்!” அவர் ஆரம்பிக்கிறார், நடுவில் குழம்புகிறார், திரும்ப முதலிலிருந்து வருகிறார், விளக்கம் கொடுக்கிறார், ஜோக் செத்துப்போகிறது. மனைவியையும் முட்டைகளையும் பறிகொடுத்த பயம் மனசு முழுக்க இருக்கும் ஆளால் எப்படிச் சிரிக்க வைக்க முடியும்? மகனைத் தேடிக் கடல் முழுக்க அலைந்து திரும்பிய பிறகு, கடைசியில் அதே பள்ளிக்கூட வாசலில் அதே ஜோக்கை முழுசாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். பயம் தளர்ந்துவிட்டது என்பதைப் படம் வசனமாகச் சொல்லவே இல்லை. ஒரு மொக்கை ஜோக் அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது ‘ஷ்ரெக்’தானே?

ஷ்ரெக் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் வழக்கம் அதைவிட ரொம்பப் பழசு. 1930கள், 40களின் குறும்படக் கார்ட்டூன்களில் அன்றைய ஹாலிவுட் நட்சத்திரங்களைக் கேலிச்சித்திரமாக நுழைப்பது சர்வசாதாரணம். கையால் வரைந்த ‘அலாதீன்’ 1992இல் வந்தபோது, ராபின் வில்லியம்ஸ் குரல் கொடுத்த பூதம் நொடிக்கு நொடி ஒரு பிரபலமாக மாறிக்கொண்டே இருந்தது. பிரபல நடிகரின் குரலையும் அவருடைய மிமிக்ரியையும் நம்பியே ஒரு பாத்திரத்தை நிறுத்தலாம் என்ற தைரியம் ஸ்டூடியோக்களுக்கு வந்ததில் அந்தப் பூதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஷ்ரெக் செய்தது வேறு. கணினி அனிமேஷனில், படத்தின் முழுத் தொனியையே கிண்டலாக வைத்து, 2001இல் பெரிய வெற்றி கண்டது. கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் திரையிட்டார்கள். சிறந்த அனிமேஷன் படத்துக்கென்று ஆஸ்கர் விருது ஏற்படுத்தப்பட்ட முதல் வருஷமே, பிக்ஸார் ஸ்டூடியோவின் ‘மான்ஸ்டர்ஸ் இங்க்’கைத் தாண்டி விருதையும் தட்டிக்கொண்டு போனது. அப்புறம் என்ன, எல்லோருக்கும் ஒரு ஷ்ரெக் தேவைப்பட்டது.

அப்படியானால் ஷ்ரெக் சீக்கிரம் பழசாகியிருக்க வேண்டுமே, ஏன் ஆகவில்லை?

கிண்டலை எல்லாம் உரித்துப் போட்டாலும் உள்ளே ஒரு கதை இருக்கிறது, அதனால்தான். படம் தொடங்கும்போது தேவதைக் கதைப் புத்தகம் ஒன்று திறக்கிறது, இளவரசியை வீரன் காப்பாற்றும் கதை. இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கதாநாயகன் ஷ்ரெக், ஒரு பச்சை நிற அரக்கன், சிரித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கழிப்பறையில் பயன்படுத்திக்கொள்கிறான். பார்க்கிறவர்களுக்கு அது கேலி. அவனுக்கு அது தற்காப்பு. அந்த மாதிரிக் கதைகளில் தனக்கு இடமில்லை என்று அவன் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டான். பின்னால் ஓர் இரவில் கூட வரும் கழுதையிடம், தன்னைத் தெரிந்துகொள்ளும் முன்பே எல்லோரும் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள், அதனால் தனியாக இருப்பதே மேல் என்று சொல்வான். அந்த இடத்தில் ஒரு ஜோக்கும் இல்லை. பிறகு இளவரசி பியோனா பேசுவதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டுத் தவறாகப் புரிந்துகொண்டு விலகிப் போகிறான். ஒட்டுக் கேட்டுக் குழம்புவது நாடகம் தோன்றிய காலத்திலிருந்து இருக்கிற சரக்கு. இன்றும் அது வேலை செய்கிறது.

படத்தின் பகடிகளையும் ஒன்று போலப் பார்க்கக் கூடாது. காட்டில் ராபின் ஹுட் கூட்டத்தோடு பியோனா சண்டை போடும்போது, பாய்ந்து உதைக்கிறவள் அப்படியே அந்தரத்தில் உறைந்து நிற்பாள், கேமரா சுற்றி வரும். 1999இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் உத்தி. ஆனால் அவள் அந்தரத்தில் நின்றபடியே கலைந்த முடியைச் சரிசெய்துகொள்கிறாள். அதற்கப்புறம்தான் உதை விழுகிறது. மேட்ரிக்ஸைக் கேள்விப்படாத ஏழு வயதுக் குழந்தையும் அங்கே சிரிக்கும். காப்பாற்ற ஆள் வேண்டும் என்று கோபுரத்தில் படுத்திருந்த இளவரசி இப்படி அடிப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை அல்லவா? அந்த ஆச்சரியம் கதையுடையது. கேமரா உத்தி மட்டும்தான் கடன்.

பின்னால் வந்த ஷ்ரெக் படங்களும் அதே தரமா?

இரண்டாவது படம் தாக்குப்பிடிக்கிறது, மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசைச் சண்டை ஒன்றே போதும். 2007இல் வந்த மூன்றாவதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

ஷ்ரெக்கைப் பார்த்து எடுத்தவை ஏன் விழுந்தன?

காசு விஷயத்தில் எல்லாமே விழவில்லை. ‘ஷார்க் டேல்’ உலகம் முழுக்கச் சுமார் 37 கோடி டாலர் வசூலித்தது, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. ஆனால் இன்று அதை யாராவது ஆசையாக எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்களா என்று கேட்டால் தயங்க வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தில் நடிகர் வில் ஸ்மித்தின் முகச்சாயலில் ஒரு மீன், நடிகர் ராபர்ட் டி நீரோவின் மச்சத்தோடு ஒரு சுறா, இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் அடர்ந்த புருவத்தோடு ஒரு பேத்தை மீன். மாஃபியா படங்களில் டி நீரோ, ஸ்கோர்செஸி இருவரின் பங்கு தெரிந்தால் புருவ ஜோக் புரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் படங்களைக் காட்டவே முடியாது! அப்போது அந்த ஜோக் யாருக்கு? பெரியவர்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கும் அது அடையாளம் கண்டுகொள்கிற சந்தோஷம் மட்டும்தான்: “அட, இது அவர்தானே!” ஒரு தடவை கண்டுகொண்டால் முடிந்தது. இரண்டாவது முறை பார்க்கும்போது கண்டுகொள்ள எதுவும் பாக்கி இல்லை. குடும்பப் படமோ வீட்டில் முப்பது நாற்பது தடவை ஓடுவதற்கென்றே பிறந்தது. அங்கேதான் இந்த வகை நகைச்சுவை அடிவாங்குகிறது.

பிறகு ஏன் ஸ்டூடியோக்கள் இதை விடுவதே இல்லை?

டிக்கெட் வாங்குவது பெரியவர்கள். அவர்கள் சலித்துவிடுவார்கள் என்ற பயம் தயாரிப்பாளர்களுக்கு எப்போதும் உண்டு. முப்பது விநாடி முன்னோட்டத்தில் ஓர் அப்பாவின் பயத்தைக் காட்டுவது கஷ்டம், தெரிந்த பாட்டுக்கு ஒரு விலங்கு ஆடுவதைக் காட்டுவது சுலபம். பிரபல நடிகரைக் குரலுக்குப் பிடித்துவிட்டால் அவருடைய பழைய படங்களைத் தொட்டு ஒரு ஜோக் வைக்கத் தோன்றும்.

தயாரிப்பு முறையும் ஒரு காரணம். இந்தப் படங்களை முதலில் காட்சி காட்சியாக, ஸ்டோரிபோர்டாக வரைந்து, தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்து, ‘ஸ்டோரி ரீல்’ என்று ஓட்டிப் பார்ப்பார்கள். பார்வையாளர்கள் சக கலைஞர்கள். கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த அறையில் ஒரு பட வசனப் பகடி வெடிச்சிரிப்பைக் கிளப்பும். அழகான ஒரு மௌனக் காட்சிக்குச் சத்தம் வராது. எது பிழைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. படம் வெளியாக நாலைந்து வருஷம் ஆகலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அறையில் சூடாக இருந்த ஜோக், தியேட்டருக்கு வரும்போதே ஆறியிருக்கும்.

பெரியவர்களுக்காகக் கொஞ்சம் காரம் சேர்த்தால் என்ன தப்பு?

தப்பில்லை, யாருடைய வாயில் வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்கு ‘டாய் ஸ்டோரி’ நடந்த விதமே நல்ல உதாரணம். முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படம் அது, 1995 நவம்பரில் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1993 நவம்பரில், பிக்ஸார்காரர்கள் டிஸ்னியிடம் ஸ்டோரி ரீலைப் போட்டுக் காட்டினார்கள். டிஸ்னி தரப்பில் ஜெஃப்ரி காட்ஸன்பர்க், படம் பெரியவர்களுக்கும் எட்ட வேண்டும், இன்னும் கூர்மை வேண்டும் என்று தொடர்ந்து கேட்டிருந்தார். கேட்டபடி செய்ததில் கதாநாயகனான கௌபாய் பொம்மை உட்டி எல்லோரையும் குத்திக் குத்திப் பேசுகிற, மற்ற பொம்மைகளை அதட்டுகிற ஆளாகிவிட்டான். புதிதாக வந்த விண்வெளி வீரர் பொம்மை பஸ் லைட்இயரை ஜன்னல் வழியாக வேண்டுமென்றே தள்ளிவிடுகிறான். பார்த்த யாருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. வேலை நிறுத்தப்பட்டது, திரைக்கதையைத் திரும்ப எழுதினார்கள்.

வெளிவந்த படத்தில் உட்டியின் பொறாமை அப்படியே இருக்கிறது. ஆனால் பஸ்ஸை மேஜைக்குப் பின்னால் விழவைக்க நினைத்துச் செய்தது கைமீறிப் போய் ஜன்னலுக்கு வெளியே விழுவதாக மாற்றினார்கள். புதிதாகத் தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் மூத்த பிள்ளைக்கு இருக்கும் பதற்றம் அது. முப்பது வருஷம் ஆகியும் அந்தப் படம் எந்த ஊரிலும் புரிகிறது என்றால், அந்த மாற்றம்தான் காரணம் என்பேன்.

பிக்ஸார் படங்களில் இந்த மாதிரிப் பகடியே கிடையாது என்கிறார்களே?

அது சும்மா ரசிகர்கள் கட்டிய கதை. தாராளமாக உண்டு. ‘டாய் ஸ்டோரி 2’இல் பஸ் லைட்இயர் வகைப் பொம்மை ஒன்றும் அதன் பரம எதிரி ஸர்க்கும் மோதும்போது, “என் அப்பாவைக் கொன்றாய்!” என்று இது கத்தும். “இல்லை, நான்தான் உன் அப்பா” என்பான் ஸர்க். 1980இல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தின் உச்சக்கட்டத்தை நேரடியாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் சுற்றியிருப்பதைப் பாருங்கள். அந்தப் பஸ் பெட்டியிலிருந்து புதிதாக வந்தவன், தான் பொம்மை என்பதே அவனுக்குத் தெரியாது. அதனால் அப்பா விஷயத்தை மனதார நம்புகிறான். பக்கத்தில் ரெக்ஸ் என்ற டைனோசர் பொம்மை. படம் தொடங்கியதிலிருந்து வீடியோ கேமில் ஸர்க்கை ஜெயிக்க முடியாமல் தவிக்கிற ஜீவன். பயத்தில் திரும்பும்போது அதன் வால் பட்டு ஸர்க் கீழே விழுகிறான். ரெக்ஸுக்குத் தலைகால் புரியவில்லை, ஜெயித்துவிட்டது! ஆனால் பக்கத்தில் ஒருவன் அப்பாவை இழந்து நிற்கிறான். ஸ்டார் வார்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாவிட்டாலும் அந்தக் காட்சி ஒரு நூல் குறையாமல் நிற்கும்.

2008இல் வந்த ‘வால்-ஈ’ இன்னும் தைரியமானது. ஆளில்லாத பூமியில் குப்பையை அள்ளும் ரோபோ, பழைய வீடியோ டேப் ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. 1969இல் வந்த ‘ஹலோ, டாலி!’ என்ற இசைப்படம். தியேட்டரில் இருந்த குழந்தைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. திரையில் இருவர் கைகோத்துக்கொள்வதைப் பார்த்து அந்த ரோபோ தன் இரண்டு இரும்புக் கைகளையும் தானே கோத்துப் பார்க்கிறது. அதற்கு என்ன வேண்டும் என்பது ஒரு வார்த்தை இல்லாமல் புரிந்துவிட்டது. வெளி உலகத்திலிருந்து ஒரு படத்தை உள்ளே கொண்டுவருவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது என்று நினைக்கிறேன்.

ஒரு ஜோக் பழசாகுமா ஆகாதா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். அந்த வெளிவிஷயத்தை மனதுக்குள் அழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பாருங்கள். விலங்குகள் மட்டுமே வாழும் நகரத்தில் நடக்கும் ‘ஜூடோபியா’வில், முயல் கதாநாயகி மாஃபியா தலைவனைச் சந்திக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அறைக்குள் ஒரு பெரிய பனிக்கரடி வருகிறது. இதுதான் தலைவனா என்று முயல் கேட்கிறது. இல்லை. அதைவிடப் பெரியது வருகிறது, அதுவும் இல்லை. கடைசியாக வரும் மாமிச மலை தன் கையை விரித்தால், அதில் குட்டி நாற்காலியில் கோட்டு சூட்டோடு ஒரு மூஞ்சூறு. அந்தக் கரகரத்த குரலும் மகள் கல்யாண நாளும் ‘தி காட்ஃபாதர்’ படத்திலிருந்து வந்தவை. அதை அழித்தாலும் சின்னது பெரியதை ஆட்டிப்படைக்கும் வேடிக்கை அப்படியே இருக்கிறது. கூடவே, முன்பு அந்த முயல் தெருவில் காப்பாற்றிய மூஞ்சூறுதான் அந்த மகள் என்பதால் கதையும் அங்கே நகர்கிறது. கோரல் கோலா பலகைக்கு இதே சோதனையைப் போட்டால் பலகைதான் மிச்சம்.

இதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு, கையால் வரைந்த காலத்திலிருந்து. பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல் கேரட்டைக் கடித்துக்கொண்டே வாய் நிறையப் பேசுகிற பாணி, 1934இல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்தில் நடிகர் கிளார்க் கேபிள் வேலியில் சாய்ந்து கேரட் தின்றபடி பேசும் காட்சியிலிருந்து வந்தது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அன்று தியேட்டரில் அது பகடி. இன்று கிளார்க் கேபிளைத் தெரிந்தவர்கள் குறைவு, கேரட் முயலைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. எதிரி துப்பாக்கியோடு முன்னால் நிற்கும்போது கவலையே இல்லாமல் மென்றுகொண்டிருக்கும் அலட்சியம் அந்த முயலின் குணமாகிவிட்டது.

பகடியாகப் பிறந்த பாத்திரம் முழு மனிதனாக வளர்ந்ததுண்டா?

மனிதன் இல்லை, பூனை. 2004இல் ‘ஷ்ரெக் 2’ படத்தில் வந்த புஸ், நடிகர் அந்தோனியோ பந்தேராஸ் போட்ட ஸோரோ என்ற முகமூடி வாள்வீரன் வேஷத்தை வைத்தே செய்த ஒரு நீள ஜோக். குரலும் அவருடையதுதான். 2022இல் ‘புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்’ வந்தபோது அரங்கில் இருந்த பிள்ளைகளுக்கு ஸோரோ யார் என்பது பெரும்பாலும் தெரியாது. படமும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பூனைக்கு ஒன்பது உயிர், அதில் எட்டு போய்விட்டது, மிச்சம் ஒன்று. விசில் அடித்துக்கொண்டு ஓர் ஓநாய் துரத்துகிறது. வாள் நழுவி, புஸ்ஸின் உடம்பில் ரோமம் சிலிர்க்கும் இடம் இருக்கிறதே, அவ்வளவு பெரிய வாய்ச்சவடால் பேர்வழி பயப்படுவதைப் பார்த்தால் நமக்கும் வயிறு கலங்கும். ஷ்ரெக் உலகத்திலிருந்து வந்த படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முழுப் படமும் பிராண்டுகளும் பிரபல வீரர்களுமாக இருந்தால்?

லெகோ என்ற அடுக்குக் கட்டைப் பொம்மைகளை வைத்து எடுத்த ‘தி லெகோ மூவி’ அப்படித்தான். பேட்மேன் முதற்கொண்டு எல்லோரும் வருகிறார்கள். ஆனாலும் 2014இல் வந்த அந்தப் படம் நிற்கிறது. கடைசியில்தான் தெரியும், இதெல்லாம் ஒரு பையன் தன் அப்பாவின் பொம்மைகளை வைத்து விளையாடிய விளையாட்டு என்று. குழந்தைகள் அப்படித்தானே விளையாடுவார்கள், கையில் கிடைத்த வீரர்களை எல்லாம் ஒரே கதையில் போட்டு? கட்டியதைத் தொடக் கூடாது என்று பசை போட்டு ஒட்டும் அப்பாவுக்கும், கலைத்துக் கட்ட ஆசைப்படும் பையனுக்கும் இடையில் நடக்கும் கதை அது.

மூன்று வருஷம் கழித்து வந்த ‘தி எமோஜி மூவி’ செல்போனுக்குள் செயலி செயலியாகக் கூட்டிப்போனது. மோசமான படத்துக்கான ராஸி விருதை வாங்கிய முதல் அனிமேஷன் படம் அதுதான். மேலே சொன்ன சோதனைக்கு அதை உட்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

வேறு நாடுகளுக்குப் போகும்போது இந்த ஜோக்குகள் என்ன ஆகும்?

பெரும்பாலும் டப்பிங் எழுதுகிறவர் தலையில் விழும். உதட்டசைவுக்குள் அடங்குகிற மாதிரி அந்த ஊர் ஜோக் ஒன்றைத் தேடி வைப்பார், சில சமயம் அது மூலத்தைவிட நன்றாகவே அமையும். காட்சியையே மாற்றிய உதாரணங்களும் உண்டு. 2015இல் வந்த ‘இன்சைட் அவுட்’ படத்தில் குட்டி ரைலி முகம் சுளிக்கும் ப்ரோக்கோலியை ஜப்பானியப் பதிப்பில் பச்சைக் குடைமிளகாயாக மாற்றினார்கள், அங்கே பிள்ளைகளுக்குப் பிடிக்காத காய் அதுதான். ‘ஜூடோபியா’வில் செய்தி வாசிக்கும் விலங்கு சீனாவில் பாண்டா, ஆஸ்திரேலியாவில் கோவாலா. காய் மாறினாலும் விலங்கு மாறினாலும் காட்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் சுளிக்கும் குழந்தை எல்லா ஊரிலும் உண்டு.

காலத்தால் அழியாத கதை வேண்டுமென்றால் ராஜா ராணிக் காலத்தில் வைத்தால் போதுமா?

போதாது. கோட்டையும் குதிரையும் வைத்துவிட்டு இந்த வருஷத்துச் சொலவடையில் பேசவிட்டால் அது இந்த வருஷத்துப் படம்தான். மறுபக்கம், டாய் ஸ்டோரியில் நிஜக் கடைப் பொம்மைகள் இருக்கின்றன, அது தொண்ணூறுகளின் படுக்கையறை என்று பார்த்தாலே தெரியும். அதனால் அதற்கு ஒரு கேடும் வரவில்லை.

புரியாத ஜோக்குக்குப் பிள்ளை விளக்கம் கேட்டால்?

ஒரு வரியில் சொல்லிவிட்டுப் படத்தைத் தொடருங்கள்: “அது ஒரு பழைய படத்தில் வருகிற மாதிரி செய்கிறார்கள்.” நிறுத்திப் பாடம் எடுத்தால் ஜோக்கும் போய்விடும், கதையும் விட்டுப்போகும். அடுத்த தடவை பார்க்கும்போது அந்த இடத்தில் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, திரையைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஸர்க் விழும் இடத்தில் பெரும்பாலும் திரையைத்தான் பார்க்கும், ரெக்ஸ் என்ன சொல்லப்போகிறது என்று.